பிரியுமுன் வந்ததும் பிரிந்தபின் வந்ததும்

எங்கள் குடவாசலில் ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை நெல் அவிந்தாலும் அதில் பாதி என் மில்லில்தான் அவிகிறது. பெருமைக்குச் சொல்லவில்லை, சொன்னால்தான் என்ன என்றும் தெரியவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். மூட்டை தூக்கினேன், வண்டி ஓட்டினேன், நெல் தரகு பார்த்தேன், பிறகு ரைஸ்மில் வைத்தேன். எழுத்து குண்டு குண்டாகத்தான் வரும். அந்த எழுத்தில்தான் என் மைத்துனன் பஞ்சநதத்தைப் பற்றி எழுதுகிறேன். படித்தவர்கள் யாராவது எழுதுவார்கள் என்று இத்தனை காலம் பார்த்தேன். ஒன்றிரண்டு பேர் எழுதினார்கள், தப்பாக. மிராசுதாரை மேடையில் வைத்து வெளுத்து வாங்கிய சிங்கம் என்று எழுதிவிட்டார்கள். அவன் சிங்கமெல்லாம் இல்லை.

பஞ்சநதம் என் வீட்டுக்காரி மங்களாம்பிகைக்குத் தம்பி. அவர்கள் அப்பா சாமிதுரை, மிராசுதார் ரெங்கசாமி ஐயாவின் நிலத்தைக் குத்தகைக்குச் செய்தவர். பாடுபடுகிற மனுஷன். ஆனால் ஐயா வீட்டு வாசலுக்குப் போனால் தோளில் கிடக்கும் துண்டு தானாகக் கக்கத்துக்கு வந்துவிடும். அந்தக் கூச்சம் மகனுக்கும் இறங்கியிருந்தது. பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கினவன் பேரைச் சத்தமாக வாசிப்பார்களே, அன்றைக்குப் பார்த்து இவனுக்கு வயிற்றுவலி வரும். கும்பகோணம் காலேஜில் சேர்க்க நான்தான் கூட்டிப்போனேன். பஸ்ஸில் டிக்கெட் கேட்கக்கூட அவனுக்கு வாய் எழவில்லை. காலேஜ் முதல்வர் முன்னால் அவனுக்கும் சேர்த்து நானே பேசினேன். "பையன் ஊமையா?" என்று கேட்டார். "இல்லீங்க, எங்க வீட்டுல பேசறது என் டிபார்ட்மெண்டு" என்றேன். சிரித்துவிட்டு இடம் கொடுத்தார்.

படித்தான். படித்துக்கொண்டே இருந்தான். கடைசியில் கல்கத்தா பக்கம் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலையானது. ஊரில் எல்லோரும் அவன் அணுகுண்டு செய்கிறான் என்றார்கள். நானும் இல்லை என்று சொல்லவில்லை. குண்டு செய்கிறவனுடைய அத்தான் என்றால் நெல் ஏலம் போடுகிற கமிட்டி மண்டியில் ஒரு மரியாதை இருக்கத்தானே செய்யும்.

ஒரு ஆவணி மாதம் லீவில் வந்திருந்தான். மில்லுக்குப் பின்னால் சம்பாவுக்குச் சேற்றுழவு நடந்துகொண்டிருந்தது. களத்துக் கட்டையில் உட்காரவைத்துக் கேட்டேன்.

"மாப்ளே, எனக்கு மட்டும் சொல்லு. குண்டுதானே?"

"ஐயோ, இல்ல அத்தான்."

"பின்ன என்னதான் பண்றே அங்கே?"

"அணுக்கரு ரெண்டா உடையறப்போ அதுக்குள்ள இருக்கிற சக்தி எங்கே போகுதுன்னு பாக்கறோம்."

"எங்கே போகும்? வெடிச்சு வெளியில போகும்."

"வெளியிலயும் போகும். கொஞ்சம் உள்ளேயே கரையும். அது எவ்வளவுங்கறதுதான் கேள்வி." உழுகிற மாட்டைக் கையால் காட்டினான். "அதே மாடு ரோட்டுல எப்படி நடக்கும், சேத்துல எப்படி நடக்குது, பாருங்க. பலம் ஒண்ணுதான். சேத்துல பலம் நடையில போகாம சேத்துலயே போயிடுது. அணுக்கருவும் அப்படித்தான். உடையறதுக்கு முன்னாடி நீளமா இழுபடும், நடுவுல இடுப்பு மாதிரி சிறுக்கும், அப்புறம்தான் ரெண்டாகும். இழுபடறப்போ உள்ளே ஒரு பசை பிடிச்சு இழுக்கும். இழுபடற வேகத்தை அந்தப் பசை சூடா மாத்திடும். பசை அதிகமா இருந்தா உடையறதுக்கு நேரமாகும்."

"நேரம்னா கடிகாரம் வச்சுப் பாத்துட வேண்டியதுதானே!"

"அந்த நேரத்துக்குக் கடிகாரம் கிடையாது அத்தான். ஆனா சூடான கரு சும்மா இருக்காது. நியூட்ரான்னு ஒரு துகளைத் துப்பிக்கிட்டே இருக்கும். உடையறதுக்கு முன்னாடி எத்தனை துப்புச்சுன்னு தெரிஞ்சா, எவ்வளவு தாமதிச்சதுன்னு தெரிஞ்சுடும்."

இதற்காகத் தங்கத் தகட்டின் மேல் ஆக்சிஜன் அணுக்கருவை வேகமாக எறிவார்களாம். இரண்டும் ஒட்டிச் சூடாகி, பிறகு உடையுமாம். தங்கம் என்றதும் எனக்குக் காது நிமிர்ந்தது.

"எத்தனை பவுன்?"

"வெத்தலையைவிட மெல்லிசு அத்தான். பக்கத்துல நின்னு தும்மினா பறந்துடும்."

"சரி, உடைஞ்ச பிறகு துப்பாதா?" என்று ஒரு கேள்வி போட்டேன். அவன் என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். நான் கேட்கிற கேள்வி எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

"துப்பும். அதுலதான் கஷ்டமே. உடைஞ்ச துண்டு ரெண்டும் எதிரெதிரா ஓடும். ஓடற துண்டு துப்பினா, ஓடற திசையிலதான் அதிகமா வரும். உடையறதுக்கு முன்னாடி துப்பினது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வரும். அதனால ஓடற பக்கம் ஒரு கருவி, பக்கவாட்டுல ஒரு கருவி வச்சு, முன்னாடி வந்தது எது, பின்னாடி வந்தது எதுன்னு பிரிக்கணும்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. தஞ்சாவூர்ச் சீமையில் இது விளங்காதவன் கிடையாது. ஆளுக்கு இவ்வளவு நிலம்தான் என்று உச்சவரம்புச் சட்டம் வந்தபோது, உபரி நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று மிராசுதார்கள் வீட்டுக்கு வீடு பாகம் பிரித்தார்கள். சட்டத்துக்கு முந்தியே பிரித்துவிட்டதாகப் பழைய முத்திரைத்தாளைத் தேடிப்பிடித்து எழுதினார்கள். பாகம் முன்னாடி பிரிந்ததா, பின்னாடி பிரிந்ததா? இதே பேச்சாகத்தான் ஊர் கிடந்தது. அடிதடி, கேஸ், சிறை எல்லாம் அதற்காக நடந்தது.

"அட, நம்ம ஊர் நில வழக்கு மாதிரி இருக்கு!" என்றேன்.

அவன் மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சில வருஷம் போனது. கழக ஆட்சி மறுபடி வந்திருந்த சமயம். பஞ்சநதம் பேரை முதலில் போட்டு வெளிநாட்டுப் பத்திரிகையில் கட்டுரை வந்தது. உடைவதற்கு முன்னால் யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு நியூட்ரான் வருகிறது, ஆகையால் எல்லோரும் நினைத்ததைவிடப் பசை மிக மிக அதிகம் என்று அதில் இருந்ததாம். ஜெர்மனிக்கு வந்து பேசச் சொல்லி அழைப்பும் வந்தது. விடுவேனா? எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் கடைத்தெருவில் வளைவு கட்டுகிற ஊர். என் மைத்துனனுக்குக் கட்டக்கூடாதா? பாராட்டு விழா ஏற்பாடு செய்தேன். மைக் பிடிக்க ஜவுளிக்கடை காதர் மைதீன். அவர் பேசினால் எதிர்க்கட்சிக்காரனும் நின்று கேட்டுவிட்டுத்தான் போவான்.

'அணுவைப் பிளந்த அண்ணல்' என்று சுவரெல்லாம் எழுதச் சொன்னார்.

"பிளக்கிறது மெஷின்னு அவன் சொல்லுவான் பாய்" என்றேன்.

"மெஷினுக்குப் பொன்னாடை போத்த முடியுமாங்க?" என்று ஒரே போடாகப் போட்டார்.

தலைமைக்கு ரெங்கசாமி ஐயாவைக் கூப்பிட்டேன். அவர் வாசலில் கைகட்டி நின்றவருடைய மகனுக்கு அவர் கையாலேயே கேடயம் கொடுக்க வைக்க வேண்டும். அதில் எனக்கு ஒரு குளிர்ச்சி. அவரும் மறுக்கவில்லை. "நம்ம சாமிதுரை மவன்தானே, வர்றேன்" என்றார்.

விழா அன்று காலையில் பஞ்சநதம் வந்தான். கடைத்தெரு வளைவைப் பார்த்துவிட்டு வாசல் வழியாக வராமல், மில்லுக்குள் புகுந்து உமி கொட்டுகிற இடத்தைச் சுற்றிக் கொல்லைப்பக்கமாக வந்தான். தலையெல்லாம் உமி.

"அத்தான், விழாவை நிறுத்திடுங்க."

"என்னடா சொல்றே?"

"அந்தக் கணக்கு தப்பு."

நின்றபடியே சொன்னான். பக்கவாட்டுக் கருவி ஆடாமல் இருக்க ஒரு கனத்த இரும்பு மேசையைப் போட்டு அதன்மேல் வைத்திருக்கிறான். உடைந்து ஓடிய துண்டு துப்பிய நியூட்ரான்கள் அந்த இரும்பில் பட்டுத் திரும்பிப் பக்கவாட்டுக் கருவியில் விழுந்திருக்கின்றன. இவன் அவற்றை உடைவதற்கு முன்னால் வந்ததாகக் கணக்கில் சேர்த்துவிட்டான்.

"பட்டுத் திரும்பறதைத் தனியா அளந்து கழிக்கணும் அத்தான். எனக்கு மெஷின் கிடைச்ச நேரம் கம்மி. மேசை போடறதுக்கு முன்னாடி அளந்து வச்சிருந்ததையே கழிச்சுட்டேன். இப்போ வேற வேலைக்கு மேசையை எடுத்துட்டு அளந்தா, கூடுதலா வந்ததுல முக்கால்வாசியைக் காணோம்."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எங்க தலைவர்கிட்ட சொல்லிட்டேன். பத்திரிகைக்கு எழுதணும். அங்கே ஒரு பொண்ணு என் கணக்கை நம்பித் தன் ஆராய்ச்சியையே ஆரம்பிச்சிருக்கு. அது முகத்துல எப்படி முழிப்பேன்னு தெரியல."

"எழுது. யாரு வேணாம்னா? விழா இன்னைக்கு, தபால் நாளைக்கு. குடவாசல்ல யாருக்கு மாப்ளே நியூட்ரான் தெரியும்?"

"தெரியாதவங்ககிட்ட வாங்கறதுதான் அத்தான் கூசுது."

"ரெண்டு பேரும் கத்தாதீங்க. அவன் இன்னும் பல்லே தேய்க்கல" என்று மங்களாம்பிகை சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

அவன் சொம்பைத் தொடவில்லை. "உச்சவரம்பு விசாரணையில அப்பா சாட்சி சொன்னது உங்களுக்குத் தெரியாதில்ல?" என்றான். எங்களுக்குத் தெரியாது. "ஐயா கூட்டிட்டுப் போய் நிறுத்தினாரு. பாகம் எப்போ பிரிஞ்சதுன்னு அதிகாரி கேட்டாரு. 'அது ரொம்ப முன்னாடிங்க'ன்னு அப்பா சொன்னாரு. அந்த நிலம் உபரியா போயிருந்தா நமக்கே வந்திருக்கும். நான் பக்கத்துல நின்னேன். வீடு வர்ற வரைக்கும் அப்பா என் முகத்தைப் பாக்கல."

மங்களாம்பிகை உள்ளே போய்விட்டாள். அவள் அழுகிறாளா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. வேறு ஒருவனாக இருந்தால் அப்போதே வளைவைப் பிரிக்கச் சொல்லியிருப்பான். நான் எடுத்த காரியத்தை விட்டதில்லை. "இனி நிறுத்த முடியாது மாப்ளே, ஐயா கிளம்பியிருப்பாரு" என்றேன்.

"அப்போ மேடையிலேயே சொல்லிடறேன். சொல்லிட்டுக் கேடயம் வாங்காம இறங்கிடறேன்."

"சொல்லு. யாருக்குப் புரியப்போகுது" என்றேன்.

கல்யாண மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் ரெங்கசாமி ஐயா, அவரோடு மற்ற மிராசுதார்கள், கடைக்காரர்கள். பின்னால் என் மில் ஆட்கள், அவர்களோடு விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள். சங்கத்துக்குத் தலைவர் துரைராசு. அந்த வருஷம் அறுவடைக் கூலித் தகராறில் இரண்டு பக்கமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்த நேரம். அவர்களை ஒரே கூரையின் கீழ் உட்காரவைக்க வேறு எவனாலும் முடியாது.

பஞ்சநதம் எழுந்தான். மைக் அவன் உயரத்துக்கு இறங்கவில்லை. அண்ணாந்தபடியே பேசினான். நியூட்ரான் என்றான், பசை என்றான், இரும்பு மேசை என்றான். ஜனங்கள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அவனுக்கு இல்லை. தான் செய்தது தப்பு என்று ஒருவருக்காவது புரிந்தால்தான் அவன் மேடையை விட்டு இறங்குவான் போலிருந்தது.

"இப்படிச் சொன்னா புரியும்" என்றான். நான் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அவன் பார்க்கவில்லை.

"நம்ம பக்கத்துல உச்சவரம்பு வந்தப்போ, பின்னாடி பிரிச்ச பாகத்தை முன்னாடியே பிரிச்சதா எழுதினாங்க இல்லீங்களா? நான் செஞ்சதும் அதே வேலைதான். உடைஞ்ச பின்னாடி வந்த நியூட்ரானை முன்னாடி வந்ததா எழுதிட்டேன். அது பொய்க்கணக்கு. அதுக்குப் பரிசு வாங்கறது கேவலம்."

மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மேடையைப் பார்த்தார்கள். பிறகு பின்னாலிருந்து ஒரு விசில்.

"போடு!"

"சாமிதுரை மவன்டா! அப்பனுக்கும் சேத்துக் கேளு தம்பி!"

பெஞ்சைத் தட்டினார்கள். ரெங்கசாமி ஐயா என் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. "என்னைக் கூப்பிட்டு முன்னாடி உக்காரவச்சு, என் குத்தகைக்காரன் மவனை விட்டு அடிக்கிறியா?" என்றார். சொல்லிவிட்டு எழுந்து நடந்தார். முன்வரிசை முழுக்க அவர் பின்னால் எழுந்துபோனது.

"ஐயா, போகாதீங்க! நான் உங்களைச் சொல்லல, என்னைச் சொல்றேன்!" என்று பஞ்சநதம் மைக்கில் கத்தினான். பின்வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. என்ன குத்தல் பாருடா என்றார்கள். "தப்பு என்னோடதுங்க, கை தட்டாதீங்க!" என்றான். இன்னும் தட்டினார்கள். காதர் மைதீன் மைக்கைப் பிடுங்கி, "பாருங்கள் இந்தத் தன்னடக்கத்தை!" என்றார். துரைராசு மேடையேறித் தன் தோளில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்து அவன் கழுத்தில் போட்டார். நாலு பேர் அவனைத் தூக்கினார்கள். நடுத்தெருவில் வேட்டி அவிழ்ந்து நிற்கிறவனுக்கு ஒரு முகம் இருக்குமே, அந்த முகத்தோடு அவன் அவர்கள் தோள்மேல் உட்கார்ந்திருந்தான்.

அவன் பத்திரிகைக்கு எழுதினான். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக ஒரு மூலையில் போட்டார்கள். ஜெர்மனி அழைப்பு அத்தோடு போனது. அந்தப் பெண் இவனோடு சேர்ந்து முதலிலிருந்து அளந்தாள். கட்டுரையில் அவள் பேர்தான் முதலில் வந்தது, இவன் பேர் கடைசியில். பசை இருக்கிறது, ஆனால் இவன் முதலில் சொன்ன அளவு இல்லை என்று முடிந்தது. ரெங்கசாமி ஐயா வீட்டு நெல் அதற்குப் பிறகு என் மில்லுக்கு வரவில்லை. வராமல் நான் ஒன்றும் குறைந்துபோகவில்லை. ஆனால் ஊர் என்னவோ அவனைச் சிங்கமாகவே வைத்துக்கொண்டது. அவன் வந்தால் டீக்கடையில் எழுந்து நிற்கிறார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு போகிறான். அதையும் அடக்கம் என்கிறார்கள்.

எழுதியவர்கள் யாரும் விழாவுக்கு மறுநாள் நடந்ததை எழுதவில்லை. அவர்களுக்குத் தெரியாது. நான் கூடப் போயிருந்தேன்.

காலையிலேயே அந்தச் சிவப்புத் துண்டை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு சங்க ஆபீசுக்குக் கிளம்பினான். கொட்டகை மாதிரி இடம். உள்ளே ஒரு பெஞ்சு, ஒரு கேரம் போர்டு. இவனைப் பார்த்ததும் ஆட்டத்தை விட்டுவிட்டு எழுந்தார்கள்.

"வாங்க தோழர்!" என்றார் துரைராசு. "உங்க படத்தைப் போட்டுப் போஸ்டர் அடிக்கலாம்னு இப்பத்தான் பேசிக்கிட்டிருந்தோம்."

"வேணாங்க. இதைக் கொடுக்கத்தான் வந்தேன்."

"ஏன், ஐயா வீட்டுல மிரட்டினாங்களா?"

"யாரும் மிரட்டலைங்க. நான் நேத்து சொன்னது யாருக்கும் புரியல. இன்னொரு தடவை சொல்லிக்கலாமா?"

சொன்னான். இந்தத் தடவை நிலம் என்ற வார்த்தையே எடுக்கவில்லை. கேரம் போர்டில் ஒரு காயை நேராகக் குழிக்கு அடித்தான். இன்னொரு காயை ஓரக் கட்டையில் அடித்துத் திருப்பி அதே குழிக்குள் விழவைத்தான். "குழியை மட்டும் பாத்தா, எது நேரா வந்தது, எது கட்டையில பட்டு வந்ததுன்னு தெரியாதுங்க. கட்டை பக்கத்துல இருக்குன்னு தெரிஞ்சவன் அதைக் கழிச்சிருக்கணும். நான் கழிக்கல. எல்லாமே நேரா வந்ததுன்னு எழுதிட்டேன். அதைத்தான் உலகம் முழுக்க நம்பினாங்க."

துரைராசு இரண்டு காயையும் குழியிலிருந்து எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார்.

"அப்ப நேத்து நீங்க ஐயாவைச் சொல்லல."

"இல்லைங்க."

"எங்களுக்காகவும் பேசல."

"இல்லைங்க. என் தப்பைச் சொல்ல வந்தேன். புரியணுமேன்னு அந்த உதாரணத்தை எடுத்துட்டேன்."

"விடுங்கண்ணே" என்று பெஞ்சில் இருந்த ஒருவன் சொன்னான். "எதுக்குச் சொன்னா என்ன, சொன்னது சொன்னதுதானே. போஸ்டரை அடிச்சுடலாம்."

"சும்மா இருடா." துரைராசு கையை நீட்டினார். "கொடுங்க."

பஞ்சநதம் துண்டைக் கொடுத்தான். அவர் வாங்கி ஒரு தடவை உதறித் தன் தோளில் போட்டுக்கொண்டார். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. "விவரம் தெரியாம தட்டிட்டோம். மனசுல வச்சுக்காதீங்க" என்றார். பிறகு, "டீ சொல்லட்டுங்களா?"

"சொல்லுங்க" என்றான். முந்தின நாள் காலையிலிருந்து அவன் வாயில் ஒன்றும் படவில்லை. டீ வந்ததும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மடக் மடக்கென்று குடித்தான். வாசலில் நின்ற எனக்கும் ஒரு கிளாஸ் நீட்டினார்கள். வாங்கிக்கொண்டேன். அங்கே இருந்த யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கிளாசுக்குள்ளேயே பார்த்துக் குடித்து முடித்தேன்.